பொதுப் பட்டறையைப் பேணுவது யார்? ஹேக்கர்வெளிகளின் தன்னாட்சி முறை: ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

உறுப்பினர்களே வாடகை செலுத்தி, கருவிகளைச் சேர்த்து, விதிகளை வகுத்து நடத்தும் கூட்டுப் பட்டறைகள் ஹேக்கர்வெளிகள் எனப்படுகின்றன. உரிமையாளர், மேலாளர், ஊதியப் பணியாளர் ஆகியோர் இன்றி இவை இயங்குகின்றன. ஜெர்மனியில் வேர்கொண்ட இவ்வமைப்பு 2007க்குப் பின் அமெரிக்காவில் எவ்வாறு பரவியது என்பதையும், சான் பிரான்சிஸ்கோவின் நாய்ஸ்பிரிட்ஜ் அதன் கொள்கைகளை எவ்வாறு நடைமுறைப்படுத்தியது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. மென்பொருள் உலகில் பிறந்த திறந்த அணுகல் என்னும் அறம், தேய்ந்துபோகும் கருவிகளும் வரம்புடைய இடமும் கொண்ட பட்டறைக்குள் வரும்போது எத்தகைய மாற்றங்களை ஏற்க நேர்கிறது என்பதே கட்டுரையின் மையக் கேள்வியாகும்.

திறவுச்சொற்கள்: ஹேக்கர்வெளி, கூட்டுப் பட்டறை, பொதுவளம், ஒருமித்த முடிவு, செய்பவராட்சி, பராமரிப்பு உழைப்பு.

முன்னுரை

நூலகம் பொதுவுடைமையாக இருப்பது இன்று யாருக்கும் வியப்பளிப்பதில்லை. கடைசல் எந்திரம் பொதுவுடைமையாக இருப்பது இன்னும் வியப்பளிக்கிறது. ஒரு நூலைப் பலர் படிக்கலாம். கவனமாகக் கையாண்டால் அது நெடுங்காலம் நிற்கும். எந்திரமோ பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் தேய்கிறது. தவறாகக் கையாள்வோரைக் காயப்படுத்துகிறது. ஆயினும் கடந்த முப்பது ஆண்டுகளில் பல நாடுகளில் தன்னார்வலர்கள் இத்தகைய பட்டறைகளை அமைத்து நடத்தி வருகின்றனர். இவை குறித்த பேச்சு பெரும்பாலும் அங்கு உருவாகும் புதுப் பொருள்களைச் சுற்றியே அமைகிறது. அவற்றின் உள்நிர்வாகம் அதே அளவு ஆய்வுக்குரியது. ஏனெனில் ஒரு பட்டறை நிலைப்பதும் சிதைவதும் அதனைப் பொறுத்தே அமைகின்றன.

சொல்லும் பொருளும்

‘ஹேக்கர்’ என்னும் சொல் தமிழ் நாளிதழ் வழக்கில் பிறர் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைபவரைக் குறிக்கிறது. ‘கொந்தர்’ என்னும் தமிழாக்கமும் பெரும்பாலும் இப்பொருளிலேயே ஆளப்படுகிறது. ஆனால் இச்சொல் கணினித் துறைக்கு வந்த வழி வேறு. 1950களின் இறுதியில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாதிரி இரயில் மன்ற மாணவர்கள், ஒரு கருவியின் உட்பொறியை அறிந்து அதனைப் புதுவகையில் இயங்கச் செய்யும் நுட்பத்தை இச்சொல்லால் குறித்தனர். இம்மரபை ஸ்டீவன் லெவி 1984இல் வெளியான தம் நூலில் வரலாறாக எழுதினார். தகவல் தடையின்றிக் கிடைக்க வேண்டும், கைதொட்டுக் கற்க வாய்ப்பு வேண்டும், பட்டத்தையும் பதவியையும் கொண்டன்றிச் செயலைக் கொண்டே ஒருவரை மதிப்பிட வேண்டும் என்பன அவர் தொகுத்துக் கூறும் அறத்தின் சாரம். ஹேக்கர்வெளி என்னும் பெயரில் உள்ள ‘ஹேக்கர்’ இம்மரபைச் சார்ந்தவர்.

இவ்வமைப்பை ஃபேப் லேபிலிருந்தும் வேறுபடுத்திக் காண வேண்டும். ஃபேப் லேப், நீல் கெர்ஷென்ஃபெல்ட் தலைமையிலான மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மையத்திலிருந்து தோன்றியது. ஏறத்தாழ ஒரே வகைக் கருவித் தொகுதியைக் கொண்டது. பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் ஆதரவில் நடப்பது. புனே அருகிலுள்ள பாபல் சிற்றூரின் விஞ்ஞான் ஆசிரமத்தில் அமைந்த கூடம் தொடக்ககால ஃபேப் லேப்களுள் ஒன்று. ஹேக்கர்வெளிக்கோ தாய் நிறுவனம் இல்லை. பெரும்பாலும் உறுப்பினர் சந்தாவும் நன்கொடையுமே அதன் வருவாய்.

தோற்றமும் பரவலும்

ஜெர்மனியில் 1981இல் தொடங்கப்பட்ட கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப், கணினி ஆர்வலர்களைப் பொதுவாழ்வு குறித்த விவாதங்களுடன் இணைத்தது. 1995இல் பெர்லினில் சி-பேஸ் தோன்றியது. பெர்லின் நகருக்கடியில் விழுந்து நொறுங்கிய விண்வெளி நிலையத்தின் எஞ்சிய பகுதியே தங்கள் இடம் என்னும் கற்பனைக் கதையை அதன் உறுப்பினர்கள் விளையாட்டாகப் பேணி வருகின்றனர். கதை கற்பனையாயினும் அமைப்பு சட்டப்படி பதிவுபெற்ற சங்கம். 2006இல் வியன்னாவில் மெட்டாலேப் திறக்கப்பட்டது.

2007 ஆகஸ்டில் பெர்லினுக்கு அருகே நடந்த கேயாஸ் முகாமுக்கு அமெரிக்க ஆர்வலர் குழு ஒன்று சென்றது. இத்தகைய நிலையான இடங்கள் தம் நகரங்களில் இல்லை என்பதை உணர்ந்து திரும்பியவர்களின் முயற்சியால் நியூயார்க்கில் என்ஒய்சி ரெசிஸ்டர், வாஷிங்டனில் ஹேக்டிசி, சான் பிரான்சிஸ்கோவில் நாய்ஸ்பிரிட்ஜ் ஆகியன உருவாயின.

வடிவமைப்புப் பாங்குகள்

இப்பரவலுக்குத் துணைநின்ற ஆவணம் ஒன்று உண்டு. யென்ஸ் ஓலிக், லார்ஸ் வைலர் ஆகியோர் 2007இல் முன்வைத்த ‘ஹேக்கர்வெளி வடிவமைப்புப் பாங்குகள்’ என்பதே அது. கட்டடக்கலை அறிஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் 1977ஆம் ஆண்டு நூலில் கையாண்ட ‘பாங்கு’ என்னும் வடிவம் மென்பொருள் துறை வழியாக இவர்களை வந்தடைந்தது. ஒவ்வொரு பாங்கும் ஒரு சிக்கலையும் அதற்கான தீர்வையும் சில வரிகளில் கூறும்.

இவற்றுள் மூன்றை எடுத்துக்காட்டலாம். முதலாவது, உள்கட்டமைப்பு பற்றியது. திட்டங்கள் முதலில் வர வேண்டுமா, வசதிகள் முதலில் வர வேண்டுமா என்னும் கேள்விக்கு, இடமும் மின்சாரமும் இணைப்பும் முதலில் அமையட்டும், திட்டங்கள் தாமே வரும் என்பது விடை. இரண்டாவது, கூட்டநாள் பற்றியது. எந்த நாளைத் தேர்ந்தாலும் ஒருவருக்கு ஒவ்வாது. ஆகவே விவாதத்தை விடுத்துச் செவ்வாய்க்கிழமையை வைத்துக்கொள்க என்கிறது அப்பாங்கு. மூன்றாவது, எதிர்ப்பாங்கு வகையைச் சார்ந்தது: பட்டறைக்குள் எவரையும் குடியிருக்க விடக் கூடாது. ஒருவர் குடிபுகுந்தால் பொதுவிடம் அவர் வீடாகிவிடும், பிறர் விருந்தினராகிவிடுவர்.

பொறியியலாளர் எழுதிய இவ்வாவணத்தில் சமையலறை, வாடகை, சந்தா, வாக்குவாதம் ஆகியன பற்றிய பாங்குகள் இடம்பெறுவது கருதத்தக்கது. ஒரு பட்டறையை அதன் எந்திரங்கள் மட்டும் தாங்குவதில்லை என்பதை அதன் ஆசிரியர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

நாய்ஸ்பிரிட்ஜ்: ஒருமித்த முடிவும் செய்பவராட்சியும்

நாய்ஸ்பிரிட்ஜ் 2008இல் மிஷன் பகுதியின் வீஸ் தெருவில் சிறிய இடம் ஒன்றில் இயங்கத் தொடங்கியது. 2009இல் மிஷன் வீதியில் ஏறத்தாழ 5,000 சதுர அடிப் பரப்புக்கு மாறியது. 2020இல் கேப் தெருவுக்குப் பெயர்ந்தது. மின்னணு மேசைகள், மரவேலைக் கூடம், தையல் எந்திரங்கள், நூலகம், சமையலறை ஆகியன மிஷன் வீதி இடத்தில் அமைந்திருந்தன. திங்கட்கிழமை மாலைகளில் புதியவர்களுக்கு ஈயப்பற்று வைக்கக் கற்பிக்கும் வகுப்பு அதன் நன்கறியப்பட்ட மரபு. நிறுவனர்களுள் ஒருவரான மிட்ச் ஆல்ட்மேன் அதனை நடத்தி வந்தார்.

அதன் நிர்வாகம் இரு தூண்களில் நிற்கிறது. முதலாவது ஒருமித்த முடிவு. முன்மொழிவு ஒரு வாரக் கூட்டத்தில் வைக்கப்பட்டு, அடுத்த வாரம் முடிவுக்கு வரும். உறுப்பினர் ஒருவர் மறுத்தாலும் அது நிறைவேறாது. பட்டறையைப் பயன்படுத்த உறுப்பினராக வேண்டியதில்லை. உறுப்பினர்க்கு மட்டும் உரியதாக இருந்த உரிமை இம்மறுப்புரிமையே. இரண்டாவது தூண், செய்ய விரும்புபவரே செய்து முடிக்கும் உரிமை பெறும் ‘செய்பவராட்சி’. அலமாரியை இடம் மாற்ற விரும்புபவர் அனுமதி கேட்க வேண்டியதில்லை, மாற்றிவிடலாம். மற்றொருவர் அதனைத் திரும்ப மாற்றவும் செய்யலாம். இவற்றுக்கு மேல், ஒருவர்க்கொருவர் மிகச் சிறந்த முறையில் நடந்துகொள்க என்பதே அவர்கள் ஏற்ற ஒரே விதி.

இவ்விரு தூண்களும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஒருமித்த முடிவு மெதுவானது. எனவே பெருஞ்செலவு, உறுப்பினர் சேர்க்கை போன்ற மீளப்பெற இயலாதவற்றுக்கு அது பொருந்தும். செய்பவராட்சி விரைவானது, எளிதில் மாற்றியமைக்கக் கூடியவற்றுக்கு அது போதும்.

எனினும், செய்பவராட்சியில் ஒரு சாய்வு உள்ளது. ஓய்வுநேரம் மிகுந்தவர் மிகுதியாகச் செய்வார். மிகுதியாகச் செய்பவர் மிகுதியாக ஆள்வார். பெண்ணிய ஆய்வாளர் ஜோ ஃப்ரீமன், அமைப்பின்மை குறித்து 1970களின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரையில் இதனையொத்த சிக்கலை விளக்கியுள்ளார். எழுதப்பட்ட அமைப்பு இல்லாத குழுவிலும் அதிகாரம் இருக்கும். அது கண்ணுக்குப் புலப்படாததால் கேள்விக்கு உட்படாது என்பது அவர் வாதம். இருபணி பார்க்கும் ஒருவரும் குழந்தை வளர்க்கும் ஒருவரும் செய்பவராட்சியில் சட்டப்படி சமமானவர்; நடைமுறையில் அவர்களின் குரல் தாழ்ந்தே ஒலிக்கும்.

குறிமுறையும் கருவியும்

ஹேக்கர் அறம் குறிமுறையைச் சூழ்ந்து வளர்ந்தது. ஒருவர் எழுதிய நிரலை ஆயிரம் பேர் நகலெடுத்தாலும் மூல நிரல் குறைவதில்லை. ஆகவே அங்குத் திறந்த அணுகல் செலவற்றது. பட்டறையில் நிலைமை வேறு. ஆயிரம் பேர் அறுத்தால் ரம்பத்தின் பல் மழுங்கும். ஒருவர் கையில் உள்ள கருவி அந்நேரத்தில் மற்றவர்க்கு இல்லை.

லேசர் வெட்டி இதற்குத் தக்க சான்று. அதில் பிவிசி நெகிழியை வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். அது நுரையீரலைத் தாக்கும். ஈரப்பதத்துடன் சேர்ந்து அமிலமாகி எந்திரத்தின் உலோகப் பகுதிகளையும் அரிக்கும். மரமும் அக்ரிலிக்கும் வெட்டப்படும்போது தீப்பற்றும் வாய்ப்பு உண்டு என்பதால் எந்திரத்தை விட்டு அகலக் கூடாது. இதனை அறியாத ஒருவர் சில நிமிடங்களில் அனைவரின் எந்திரத்தையும் பாழாக்கலாம். ஆகவே அனைத்துக்கும் கதவு திறந்த பட்டறைகளிலும் சில எந்திரங்களுக்கு முன்பயிற்சி கட்டாயமாகிறது. அறிவு தடையின்றிக் கிடைக்கட்டும் என்ற அறம், இங்கு அறிந்த பின்பே தொடுக என்று மாறுகிறது. இம்மாற்றத்தை அறத்தின் வீழ்ச்சியாகக் கொள்ள வேண்டியதில்லை. பயிற்சி யார்க்கும் கட்டணமின்றிக் கிடைக்கும்வரை அறம் நிலைத்தே இருக்கிறது.

பராமரிப்பு உழைப்பு இதனினும் கடினமான சிக்கல். புதுப்பொருள் செய்பவர் பாராட்டப்படுகிறார். தூசு உறிஞ்சியின் பையைக் காலி செய்பவர் கவனிக்கப்படுவதில்லை. ஊர் கூடித் தேர் இழுக்கும். தேர் நிலைக்கு வந்தபின் வடத்தைச் சுருட்டுபவர் சிலரே. அச்சிலர் சோர்ந்து விலகும்போது பட்டறை தளர்கிறது.

கதவு யாருக்குத் திறந்தது?

நாய்ஸ்பிரிட்ஜ் தொடக்கத்தில் இரவும் பகலும் யாவர்க்கும் திறந்திருந்தது. வீட்டுவாடகை கடுமையாக உயர்ந்த நகரில் அது சிலர்க்கு உறங்குமிடமாகவும் ஆயிற்று. முன்னர்க் கண்ட எதிர்ப்பாங்கு எச்சரித்த நிலை இதுவே. பொருள்கள் காணாமற்போதலும், பெண்கள் பாதுகாப்பின்மையை உணர்ந்து விலகுதலும் விவாதத்துக்கு வந்தன. எவரையும் விலக்காத இடம், விலக்காமையினாலேயே சிலரை விலக்கிவிட்டது.

இதற்கான விடைகள் இரு திசைகளில் எழுந்தன. ஒன்று, புதிய இடங்களை அமைத்தல். பெர்க்கிலியில் குழந்தைக் காப்பு வசதியுடன் மதர்ஷிப் ஹேக்கர்மாம்ஸ் தோன்றியது. 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் டபுள் யூனியன் என்னும் பெண்ணிய ஹேக்கர்வெளி உருவாயிற்று. மற்றொன்று, உள்ளிருந்தே திருத்துதல். நாய்ஸ்பிரிட்ஜ் துன்புறுத்தலுக்கு எதிரான விதியை ஏற்றது. இரவுநேர நுழைவைக் கட்டுப்படுத்தியது. தகாதவாறு நடப்பவரை உடனடியாக வெளியேறச் சொல்லி, பின்னர்க் கூட்டத்துக்கு வந்து பேசித் தீர்க்க அழைக்கும் வழக்கமும் அங்கு உண்டு.

எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட பொதுவளங்கள் பற்றிய நூலில், நெடுங்காலம் நிலைத்த பொதுவளங்களிடையே எட்டுப் பொதுக்கூறுகளைக் கண்டார். தெளிவான எல்லை, பயனாளர் பங்கேற்கும் விதியாக்கம், படிப்படியான தண்டனை, எளிய பிணக்குத் தீர்வு ஆகியன அவற்றுள் அடங்கும். நாய்ஸ்பிரிட்ஜில் விதியாக்கம் தொடக்கம் முதலே பயனாளரிடம் இருந்தது. எல்லையே இல்லாதிருந்தது. பிற்காலத் திருத்தங்கள் இக்குறையை நிரப்ப முயன்றவை எனக் கருதலாம்.

வேறு இரு வழிகள்

பொதுப் பட்டறையை அரசும் நடத்தலாம், வணிக நிறுவனமும் நடத்தலாம். இரண்டுக்கும் வரலாற்றில் சான்று உண்டு. லூகாஸ் ஏரோஸ்பேஸ் தொழிலாளர்கள் 1976இல் வெளியிட்ட மாற்று உற்பத்தித் திட்டத்தில் முன்னின்ற மைக் கூலி, 1980களில் லண்டன் பெருநகர மன்றத்தின் ஆதரவுடன் தொழில்நுட்ப வலையங்கள் என்னும் சமூகப் பட்டறைகளை உருவாக்கினார். 1986இல் தாட்சர் அரசு அம்மன்றத்தைக் கலைத்தபோது அவற்றின் நிதியாதாரம் அற்றுப்போனது. அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய டெக்‌ஷாப், மாதக் கட்டணத்துக்கு உயர்தர எந்திரங்களை வழங்கியது. 2017 நவம்பரில் அதன் அமெரிக்கக் கிளைகள் அனைத்தும் முன்னறிவிப்பின்றி மூடப்பட்டன.

ஒன்று அரசியல் முடிவால் வீழ்ந்தது. மற்றொன்று கணக்கேட்டால் வீழ்ந்தது. இரண்டிலும் பட்டறையைப் பயன்படுத்தியவர்க்கு அம்முடிவில் பங்கில்லை. ஹேக்கர்வெளியும் வாடகை உயர்வால் இடம் இழக்கலாம். எனினும் இடத்தைத் தொடர்வதா, மாற்றுவதா, மூடுவதா என்பதை அதன் உறுப்பினர்களே கூடி முடிவு செய்கின்றனர்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, ஹேக்கர்வெளியின் அடிப்படைச் சிக்கல் நகலெடுக்கத்தக்க குறிமுறைக்கும் தேயும் கருவிக்கும் இடையிலான வேறுபாட்டில் உள்ளது. இரண்டாவதாக, எல்லையற்ற திறப்பு வலியவர்க்கும் ஓய்வுடையவர்க்கும் சாதகமாக முடிகிறது. நியாயமான எல்லை, கதவை மெலியவர்க்கும் திறந்து வைக்கும் வழியாகிறது. மூன்றாவதாக, ஒரு பட்டறையின் நிலைபேற்றை அங்கு உருவான பொருள்களைக் கொண்டு மட்டும் அளவிட இயலாது. அங்குத் துப்புரவு செய்பவர், பழுது பார்ப்பவர், புதியவர்க்குக் கற்பிப்பவர் ஆகியோரின் உழைப்பு எவ்வாறு பகிரப்படுகிறது, எவ்வாறு மதிக்கப்படுகிறது என்பதையும் ஆராய வேண்டும். கல்வி நிறுவனங்கள் இன்று அமைத்துவரும் படைப்பாக்கக் கூடங்களை மதிப்பிடும்போது, எந்திரப் பட்டியலோடு இக்கேள்வியையும் எழுப்புதல் பயன்தரும்.