நானும் ஆட்டத்துக்கு வரட்டுமா?

குழந்தைகளே! உங்களுடைய முதல் நண்பர் யார்? அவர் எப்படி உங்களுக்கு நண்பர் ஆனார்? யோசித்துப் பாருங்கள். "பக்கத்து வீடு", "ஒரே பெஞ்சு" என்றுதான் உங்களில் பலர் சொல்வீர்கள். சின்ன வயதில் யார் பக்கத்தில் இருக்கிறாரோ, அவரே நண்பர். காலையில் 'காய்' விடுவோம், மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் 'பழம்' விட்டுவிடுவோம். எதற்காகச் சண்டை போட்டோம் என்பதே மறந்து போயிருக்கும்!

ஆனால், நீங்கள் உயரமாக வளர்வது போல உங்கள் நட்பும் வளர்கிறது. எப்படி என்று பார்ப்போமா?

கோலி ஆடிய அறிஞர்

சுவிட்சர்லாந்து நாட்டில் ழான் பியாஜே என்ற அறிஞர் இருந்தார். குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதை ஆராய்ந்தவர் அவர். அதற்காக என்ன செய்தார் தெரியுமா? கோலி ஆடும் சிறுவர்களிடம் போய், "எனக்கும் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்டு, அவர்களோடு சேர்ந்து ஆடினார்! தான் கண்டதை 1932-ல் புத்தகமாக எழுதினார்.

மிகச் சின்னப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து ஆடினாலும், அவரவர் இஷ்டப்படிதான் ஆடினார்கள். கடைசியில் எல்லாருமே "நான்தான் ஜெயித்தேன்" என்றார்கள். ஏழு, எட்டு வயதில் "எல்லாருக்கும் ஒரே விதி" என்ற எண்ணம் வந்தது. "அழுகுணி ஆட்டம் ஆடாதே" என்று சண்டை போடும் வயது இது. பத்து வயதைத் தாண்டியவர்களோ, "எல்லாரும் ஒத்துக்கொண்டால் விதியை மாற்றிக்கொள்ளலாம்" என்பதைப் புரிந்துகொண்டார்கள்.

நட்பும் இதே வழியில்தான் வளர்கிறது. முதலில் "எனக்குப் பொம்மை தருகிறவன் நண்பன்". பிறகு "நான் கொடுத்தால் அவனும் கொடுக்க வேண்டும்". அதன் பிறகு "என் ரகசியத்தைக் காப்பாற்றுகிறவன், நான் அழும்போது பக்கத்தில் இருக்கிறவன் நண்பன்".

ஒப்புக்குச் சப்பாணி

விதியை மாற்றும் வித்தை உங்களுக்கும் தெரியும். ஓடிப் பிடிக்கும் ஆட்டத்துக்குத் தம்பியோ தங்கையோ அழுதுகொண்டு வந்தால் என்ன செய்வீர்கள்? 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வீர்கள். அவரைத் தொட்டாலும் அவுட் கிடையாது. கிரிக்கெட்டில் ஓர் ஆள் அதிகமாகிவிட்டால், 'ஜோக்கர்' என்று சொல்லி இரண்டு பக்கமும் பேட்டிங் கொடுப்பீர்கள். இந்த விதிகளை எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. இன்னொருவருக்கு இடம் கொடுக்கப் பிள்ளைகளே கண்டுபிடித்தவை இவை.

இந்த நல்ல குணம் எங்கே அதிகம் தேவைப்படுகிறது? எங்கள் அத்திப்பட்டு போன்ற ஊர்களில்தான். கும்மிடிப்பூண்டி ரயில் பாதையில், எண்ணூரைத் தாண்டி மீஞ்சூருக்கு முன்னால் இருக்கிறது அத்திப்பட்டு. இந்தப் பகுதியில் 1994-ல் வட சென்னை அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2001-ல் எண்ணூர் துறைமுகம் திறக்கப்பட்டது. அதுதான் இன்றைய காமராஜர் துறைமுகம். வேலைக்காகப் பல ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. ஆந்திரா, ஒடிசா, பீகார் என்று வெளி மாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள்.

அப்பாவுக்கு வேலை மாறினால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாறும். ஆண்டின் நடுவில், தமிழ் தெரியாத ஒரு பிள்ளை வகுப்புக்குள் வந்து நிற்கும். நான் ஆசிரியராக இருந்த காலத்தில் பலமுறை கவனித்திருக்கிறேன். அப்படி வந்த பிள்ளை, இடைவேளையில் சுவரோரம் நின்று ஆட்டத்தை வேடிக்கை பார்க்கும். "அவனுக்கு விளையாடப் பிடிக்காது சார்" என்பார்கள் மற்றவர்கள். அது உண்மை இல்லை, குழந்தைகளே! பந்து போகும் பக்கமெல்லாம் அந்தக் கண்ணும் போகும். "நானும் வரட்டுமா?" என்று கேட்க அதற்கு மொழி தெரியவில்லை, அவ்வளவுதான். கோலிக்கும் ஏழு கல்லுக்கும் மொழி எதற்கு? யாராவது கையைப் பிடித்து இழுத்துவிட்டால் போதும். ஒரே மாதத்தில் "அவுட் இல்லடா!" என்று சுத்தத் தமிழில் சண்டை போடும்!

ஒரே கயிறு

சில நேரம் தனி ஆள் இல்லை, ஒரு கூட்டமே ஒதுக்கப்படும். "அவங்க காலனிப் பசங்க", "இவங்க குப்பத்துப் பசங்க" என்று பிரித்துப் பேசுவது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். இதற்கு ஒரு மருந்து உண்டு.

1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், முசாபர் ஷெரீப் என்ற அறிஞர் 22 சிறுவர்களை முகாமுக்கு அழைத்துச் சென்றார். எல்லாருக்கும் சுமார் 11 வயது. அவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்துப் போட்டிகள் நடத்தினார்கள். சில நாட்களிலேயே திட்டிக்கொண்டார்கள். ஓர் அணியின் கொடியை மற்ற அணி எரித்தது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வைத்தபோது சாப்பாட்டை வீசிச் சண்டை போட்டார்கள்! பிள்ளைகளை இப்படி மோதவிட்டது சரியா என்று பிற்காலத்தில் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

பிறகு முகாமில் தண்ணீர் வரவில்லை. இரண்டு அணிகளும் சேர்ந்து தேடித்தான் அடைப்பைச் சரிசெய்ய முடிந்தது. இன்னொரு நாள், சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பவில்லை. கயிறு இழுக்கும் போட்டியில் எதிரெதிராக இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி, எல்லாரும் ஒரே பக்கமாக இழுத்தார்கள். முகாம் முடிந்தபோது அத்தனை பேரும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். வழியில், ஓர் அணி தனக்குப் பரிசாகக் கிடைத்த 5 டாலரில் எல்லாருக்கும் குடிக்க வாங்கிக் கொடுத்தது!

பக்கத்தில் உட்கார வைத்ததால் மட்டும் பகை போகவில்லை பாருங்கள். சேர்ந்து ஒரு வேலையைச் செய்தபோதுதான் போனது. மைதானத்து முள்ளை அகற்றுவது, ஆண்டு விழாவுக்குத் தோரணம் கட்டுவது என்று எல்லாருக்கும் பொதுவான வேலை உங்கள் பள்ளியிலும் இருக்கும். அடுத்த முறை, வழக்கமான கூட்டாளியை விட்டு, அதிகம் பேசாத ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். யாரையாவது தினமும் கேலி செய்தாலோ அடித்தாலோ அது விளையாட்டு இல்லை. உடனே ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள். 1098 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் உங்களுக்காகவே இருக்கிறது.

திங்கட்கிழமை இடைவேளை மணி அடித்ததும், 'சாட் பூட் த்ரீ' போடுவதற்கு முன் ஒரு நிமிடம் சுவரோரம் பாருங்கள். யாராவது நின்றால், "வா, நீ ஜோக்கர்!" என்று கூப்பிடுங்கள். இரண்டு பக்கமும் பேட்டிங் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?