சிவப்பு நண்டும் சிரிக்கும் சுறாவும்

படப்புத்தகங்களில் நண்டு எப்போதும் சிவப்பு. வடசென்னையின் கொருக்குப்பேட்டைப் பிள்ளைகளுக்கு அது சரியில்லை என்று தெரியும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கூடையில் வரும் நீலக்கால் நண்டில் ஆண் நீலம், பெண் சேற்றுப் பச்சை. முக்கண் நண்டின் முதுகில் மூன்று பொட்டு. சிலுவை நண்டு மட்டும் உயிரோடிருக்கும்போதே கொஞ்சம் செம்மை காட்டும். மற்றவை சிவப்பது குழம்புச் சட்டியில்தான். ஓட்டில் அஸ்டாசாந்தின் என்ற செந்நிறமி முன்பே இருக்கிறது. ஒரு புரதம் அதை இறுகப் பிடித்திருக்கும் வரை ஓடு நீலமாகவோ பச்சையாகவோ தெரியும். சூடு பட்டதும் புரதம் குலைகிறது, நிறமி தன் சொந்தச் சிவப்புக்குத் திரும்புகிறது. பிறப்பிலேயே சிவந்த நண்டுகள் உலகில் உண்டுதான். நம் அடுப்படிக்கு வருபவை பெரும்பாலும் அவையல்ல.

கடலின் நிறமும் அப்படித்தான். புத்தகத்தில் கண்ணாடி போன்ற நீலம். ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரையில் நின்று பார்த்தால் கலங்கலும் பச்சையும். பிள்ளை தன் கடலை அழுக்குக் கடல் என்று நினைத்துக்கொள்ள இது போதும். வடசென்னைக் கடலில் கழிவு கலப்பது உண்மை. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பச்சை முழுவதும் கழிவல்ல. நுண்ணிய மிதவைப் பாசிகள் நிறைந்த நீர் பச்சையாகத்தான் இருக்கும். மீன்கள் கூட்டமாக வருவதும் அந்த நீருக்குத்தான். நடுக்கடலின் தெளிந்த நீலம் பெரும்பாலும் இரை குறைந்த நீர்.

சுறாவுக்கு நேர்வது இதையெல்லாம்விடப் பெரிய அநியாயம். ஐநூறுக்கும் மேற்பட்ட சுறா இனங்கள் இருக்க, படப்புத்தகத்துக்குத் தெரிந்தது பெரும்பாலும் ஒன்றே: சாம்பல் முதுகும் முக்கோணப் பற்களும் கொண்ட பெரிய வெள்ளைச் சுறா. பக்கவாட்டில் இருக்கும் கண்களை முன்னே இழுத்து வைப்பார்கள். தலைக்கு அடியில் இருக்கும் வாயையும் முன்னே கொண்டுவந்து சிரிக்கவோ சீறவோ வைப்பார்கள். கதை இரண்டே வகை. ஒன்றில் சுறா வில்லன். மற்றதில் மனம் திருந்தி மீன் தின்பதையே விட்டுவிடும் நல்ல சுறா. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் வருத்தம் தருகிறது. பசித்து மீன் பிடிப்பது ஒரு குற்றம் என்று அது கடலோரப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

திரைப்படங்கள் இன்னும் மோசம். சுறா வரும் 109 படங்களை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பார்த்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். 96 விழுக்காடு படங்களில் சுறா மனிதனுக்கு ஆபத்தாகவே காட்டப்பட்டிருந்தது. ஆனால் சுறா கடித்து இறப்பவர்கள் உலகம் முழுவதும் சேர்த்து ஆண்டுக்குச் சராசரியாகப் பத்துப் பேருக்குள்தான். அதே 2021இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு ஒன்று, பெருங்கடல் சுறாக்களும் திருக்கைகளும் 1970க்குப் பிறகு 71 விழுக்காடு குறைந்துவிட்டதாகக் கணக்கிட்டது. காரணம், மிகை மீன்பிடிப்பு.

நம் பிள்ளைகள் சந்திக்கும் சுறா எது? பால்சுறா. பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும் மீன். கூர்ந்த மூக்கு, பக்கத்துக்கு ஐந்து செவுள் பிளவுகள். பிள்ளை பெற்ற வீட்டில் தாய்க்குப் பால் சுரக்கட்டும் என்று புட்டு செய்து கொடுப்பது இதைத்தான். அந்தப் புட்டுக்குப் பின்னால் எந்தப் படப்புத்தகமும் காட்டாத அதிசயம் ஒன்று இருக்கிறது. பால்சுறா முட்டையிடுவதில்லை. அதன் வயிற்றில் குட்டி தொப்புள்கொடியோடு, நஞ்சுக்கொடி வழியே தாயிடம் உணவு வாங்கி வளர்கிறது. கருக்காலம் ஏறக்குறைய ஓராண்டு. ஓர் ஈற்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய குட்டிகளே. ஒரு சாளை ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு இழப்பை ஈடுகட்டிவிடும். சுறாவால் அது முடியாது. பிறந்த குட்டிக்குப் பாதுகாப்பும் இல்லை, அந்த நிமிடத்திலிருந்து அது தனியாள். தெருவெல்லாம் ஒலிக்கும் 'பேபி ஷார்க்' பாட்டில் வரும் தாத்தா பாட்டி குடும்பம் எந்தச் சுறாவுக்கும் கிடையாது.

வேளா மீனையும் சொல்ல வேண்டும். ரம்பம் போன்ற நீண்ட மூக்குள்ள அது உண்மையில் திருக்கை இனம். அந்த ரம்பத்தால் சேற்றில் இரையின் மின்துடிப்பை உணரும், வீசி மீனை அடிக்கும். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறவுக்கோட்டை, அதாவது சுறாவின் கொம்பை, நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை பாடுகிறது. அது வேளாவின் ரம்பம்தான் என்பார்கள். வலையில் முதலில் சிக்குவதும் அதே ரம்பம்தான். 2001இல் திமிங்கிலச் சுறாவோடு இதுவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. இன்று அதைப் பார்த்திருக்கும் இளம் மீனவர்கள் மிகக் குறைவு.

கடலுயிரை உள்ளபடி காட்டும் சிறுவர் நூலுக்கு நல்ல முன்மாதிரி சென்னையிலேயே உண்டு. காட்டுயிர்ப் படக் கலைஞர் சேகர் தத்தாத்ரி பங்குனி ஆமைகளைப் பற்றிச் சிறுவர்களுக்கு எழுதிய நூலைச் சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்டது. இந்தக் கரையில் முட்டையிட வரும் ஆமை, அதன் மெய்யான வாழ்க்கை, அதன் மெய்யான ஆபத்து. 2025 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் சென்னைக் கரையோரம் செத்து ஒதுங்கியபோது, அப்படி ஒரு நூலைப் படித்த பிள்ளைக்கு எதை இழக்கிறோம் என்று புரிந்திருக்கும். பால்சுறாவுக்கும் வேளாவுக்கும் அப்படி ஒரு நூல் வர வேண்டும்.

இதற்கு ஓவியர் தொலைதூரம் போக வேண்டாம். லாஞ்சுகள் கடலுக்குப் போகாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தைத் தவிர்த்து, ஒரு விடியற்காலை காசிமேட்டு ஏலத்துக்குப் போனால் போதும். மீன் விற்கும் அக்காக்களிடம் கேட்டால் எது பால்சுறா, எது கொம்பன் சுறா, எது உழுவை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் பெயர்களோடு, செவுளும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் ஒரு புத்தகம் வரட்டும். கொருக்குப்பேட்டையில் கூலி வேலைக்குப் போகிறவர் தன் பிள்ளைக்கு வாங்கித் தரக்கூடிய விலையில் வரட்டும்.