கோழி சேலை மாற்றுகிறது

கோடை விடுமுறை என்றால் உபாத்தியாயர்களுக்கு ஓய்வு என்று உலகத்தார் நினைக்கிறார்கள். நம் விஷயத்தில் அது உண்மையன்று. பள்ளிக்கூடத்தைப் பூட்டிய மறுநாளே நம் வீட்டுக் கொல்லையில் வேறொரு வகுப்பு ஆரம்பமாகிவிடும். அதில் மாணாக்கர் நாம். பாடம் சொல்லுகிறவர்கள் ஐந்து பெட்டைக் கோழிகள். அந்த வகுப்பில் நாம் முதல் பரீட்சையிலேயே தோற்ற கதையைச் சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வருவோம்.

2023-ஆம் வருஷம், கத்திரி வெயில் தொடங்கிய வாரம். ஒரு நாள் காலை கூண்டைத் திறந்தபோது தரையெல்லாம் இறகு. இரவில் மரநாய் புகுந்துவிட்டது என்று பதறிப்போய் எண்ணிப் பார்த்தோம். ஐந்தும் உயிரோடு நின்றன. ஆனால் செம்பி என்ற சிவப்புப் பெட்டையின் கழுத்தைச் சுற்றி இறகே இல்லை. பத்து நாளில் மார்பும் முதுகும் வெளுத்தன. செக்கச் செவேலென்று இருந்த கொண்டை சுருங்கி வெளிறிப்போயிற்று. முட்டை நின்று போயிற்று. யாரையும் அருகில் வரவிடாமல் சுவரோரத்தில் ஒதுங்கி நின்றது.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். சீக்கு என்றார் ஒருவர். மற்றக் கோழிகளுக்கும் தொற்றும் என்றார் மற்றொருவர். இனி இது முட்டையிடாது, தீனி தண்டம் என்றார் கணக்கில் வல்ல ஒரு நண்பர். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் போதித்து வரும் நாமும் அதை நம்பினோம். அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்த கோழி வியாபாரியிடம் செம்பியைக் கொடுத்துவிட்டோம். குஞ்சிலிருந்து அதைக் கையில் வைத்து வளர்த்த நம் மகள் அப்போது அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்ததும் அவள் கேட்ட கேள்வியையும், நாம் சொன்ன பதிலையும் இங்கே எழுதப் போவதில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கறுப்பி என்ற இன்னொரு பெட்டைக்கும் கழுத்திறகு கொட்ட ஆரம்பித்தது. இதற்குள் வாசலில் கீரை விற்கும் பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரய்யா, இதுக்கு நோவு ஒண்ணுமில்லே. பழைய சேலையை அவுத்துப் போட்டுட்டுப் புதுச் சேலை கட்டிக்குது. நல்லாத் தீனி போடுங்க, சும்மா தூக்கித் தூக்கிப் பார்க்காதீங்க" என்றாள். கால்நடை மருத்துவரிடம் கேட்டோம். அவரும் அதையேதான், சற்று நீண்ட வார்த்தைகளில் சொன்னார்.

பறவைகளுக்கு இறகு ஒரு முறை வளர்ந்து முடிந்தால் அது உயிரற்ற பொருள். நம் நகத்தைப் போலத் தேயும், கிழியும், தானாக ஆறாது. ஆகையால் வளர்ந்த கோழி ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு முறை பழைய இறகை உதிர்த்துப் புதியதைத் தரித்துக்கொள்கிறது. முதலில் தலையும் கழுத்தும், அப்பால் மார்பு, முதுகு, பிறகு இறக்கை, வால் என்று பெரும்பாலும் ஓர் ஒழுங்கிலேயே உதிரும். முழுவதும் முடிய இரண்டு, மூன்று மாதம் செல்லும். நம் கோழிகளுக்கெல்லாம் மூதாதையான செங்காட்டுக் கோழியிலும் சேவல் கோடையில் தன் பொன்னிறக் கழுத்திறகுகளை இழந்து, சில மாதம் மங்கிய கறுப்பு இறகோடு அடக்கமாக இருந்துவிட்டு மீண்டும் பழைய கோலத்துக்கு வருகிறது. மாப்பிள்ளைக் கோலம் வருஷம் முழுவதும் செல்லாது போலும்!

மேல்நாட்டுப் புத்தகங்களைப் படிப்பவர்கள் ஒரு விஷயத்தில் மயங்கக்கூடும். அங்கே கோழி இறகு உதிர்ப்பது கோடை கழிந்து பகல் குறுகும் காலத்தில். லண்டனில் ஜூன் மாதத்துப் பகல் 16 மணி நேரத்துக்கு மேல். டிசம்பரில் 8 மணி நேரம்கூட இல்லை. அந்த மாறுதலே கோழிக்குப் பஞ்சாங்கம். நம் திருச்சிப் பக்கத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரந்தான். ஆகையால் இங்கே வேறு காரணங்கள் முந்திக்கொள்ளுகின்றன. கடும் வெயில், வெயிலால் தீனி குறைவது, ஒரு நாள் தண்ணீர் வைக்க மறப்பது, அடை கிடந்து எழுந்த இளைப்பு ஆகிய இவற்றில் எதுவும் இறகு கொட்டத் தூண்டலாம்.

முட்டை ஏன் நிற்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோழியின் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு இறகு. ஒன்றரைக் கிலோ பெட்டைக்குச் சுமார் 90 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். இறகில் பெரும்பகுதி, நூற்றுக்கு 85 பங்குக்குக் குறையாமல், புரதமே. அதாவது பத்துப் பன்னிரண்டு முட்டைகளில் அடங்கியுள்ள புரதத்தை அது தன் மேனியிலேயே போட்டு நெய்ய வேண்டும். தின்னும் புரதம் முழுவதும் இறகாகிவிடாதாகையால் உண்மைச் செலவு இதைவிட அதிகம். முட்டைக்கும் இறகுக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கக் கையில் முதல் இல்லை. ஆகவே முட்டைக் கடையைக் கோழி தற்காலிகமாக மூடுகிறது. கொண்டை சுருங்கி வெளிறுவதும் அதனால்தான். நாம் நோய்க்குறி என்று கண்டது கடை மூடியதற்கு அடையாளப் பலகை!

இந்த ரகசியம் பெரும் முட்டைப் பண்ணைக்காரர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். ஓய்ந்த கோழி இறகு மாற்றி எழுந்தால் மறுபடி நன்றாக முட்டையிடும் என்று கண்டு, கோழிகளை நாள்கணக்கில் பட்டினி போட்டு எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் இறகு உதிர்க்க வைக்கும் வழக்கம் பல தேசங்களில் இருந்தது. இந்தியப் பிராணிகள் நல வாரியம் இதை நிறுத்த வேண்டுமென்று 2011-இல் அறிவுறுத்தியது. நம் வீட்டுக் கொல்லையில் அந்த யோசனைக்கே இடமில்லை.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்லுகிறோம். அரிசிக் குருணையும் தவிடும் போட்டால் வயிறு நிரம்பும், இறகு முளைக்காது. அரிசியில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்குதான் புரதம். இறகு மாற்றும் கோழிக்கு அதன் தீனியில் 18 முதல் 20 பங்கு வேண்டும். கடலைப் பிண்ணாக்கு நல்லது, ஆனால் பூஞ்சணம் பிடித்த வாசனை வந்தால் தூரப் போடுங்கள், அது விஷம். அதனோடு கொஞ்சம் எள்ளுப் பிண்ணாக்கும் சேர்த்தால், இறகுக்குத் தேவையான கந்தகச் சத்தும் சேரும். கருவாடு கொடுப்பவர்கள் தண்ணீரில் ஊறவைத்து உப்பைக் கழுவிவிட்டுக் கொடுக்க வேண்டும். உப்பு மிகுந்தால் கோழிக்கு ஆகாது. முருங்கைக்கீரையைக் கட்டித் தொங்கவிட்டால் கொத்திக்கொண்டே பொழுதைப் போக்கும்.

ஆனால் இவை எல்லாவற்றிலும் மேலானது கறையான் என்பது நம் அபிப்பிராயம். ஒரு மண்பானையில் கிழிந்த சாக்கு, வைக்கோல், காய்ந்த சாணம் இவற்றை அடைத்துத் தண்ணீர் தெளித்து, கறையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைக்க வேண்டும். விடிகாலையில் எடுத்துக் கோழிகள் முன்னால் கொட்டினால் அந்தக் கொண்டாட்டத்தைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்! நம் கிராமத்துப் பெரியவர்கள் குஞ்சுகளுக்கென்று செய்துவந்த உபாயம் இது. வெயில் ஏறுமுன் கறையான் தரைக்குள் போய்விடுமாகையால் சோம்பேறிகளுக்குப் பயன்படாது.

வெயிலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கோழியின் சரீர உஷ்ணம் சாதாரணமாகவே பாரன்ஹீட் 106, 107 டிகிரி. அதற்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடலைக் குளிர்விக்கிறது. கொண்டையும் தாடியும் கொஞ்சம் உதவும். இறகு கொட்டும்போது கொண்டையும் சுருங்கிவிடுகிறது. வெறுந்தோல் மீது வெயில் நேரே விழுகிறது. ஆகையால் நிழல் அவசியம். வேப்ப மரத்தடி உத்தமம். இல்லாவிட்டால் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, காற்று வரும் பக்கம் ஈரச் சாக்கைத் தொங்கவிடலாம். ஒரு கோழி சாதாரண நாளில் சுமார் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். கோடையில் இரண்டு மடங்கு. அகன்ற மண்சட்டிகள் இரண்டு மூன்று இடங்களில் வைத்து, நடுப்பகலில் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். தீனியை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பின்னும் வைப்பது நலம், ஏனெனில் ஜீரணமும் உடம்பில் சூட்டை உண்டாக்கும்.

கையில் எடுத்துக் கொஞ்சுவதுதான் குழந்தைகளால் விட முடியாத பழக்கம். ஆனால் புதிதாக வரும் இறகு முதலில் முள் போன்ற குருத்தாகக் கிளம்புகிறது. அதற்குள் இரத்தம் ஓடுகிறது. தொட்டால் வலிக்கும், முறிந்தால் இரத்தம் கசியும். கசிந்தால் சுத்தமான துணியால் சில நிமிஷம் அழுத்திப் பிடித்துவிட்டு, கோழியைத் தனியே பஞ்சாரத்தில் மூட வேண்டும். சிவப்பைக் கண்டால் மற்றவை கொத்தத் தொடங்கிவிடும். கோழிகளின் அன்பு அவ்வளவுதான்.

எல்லா உதிர்தலும் சேலை மாற்றுவது அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முதுகு மட்டும் வழுக்கையானால் சேவலின் கைங்கரியமாயிருக்கும். பின்புறத்து இறகின் அடியில் வெண்மையாக ஈறு அப்பியிருந்தால் பேன். சாம்பலும் மணலும் கலந்த குழி ஒன்று இருந்தால் கோழி தானே புரண்டு பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஆனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறதா, தீனியைத் தொடவில்லையா, எச்சம் பச்சையும் வெள்ளையுமாய்க் கழிகிறதா, கழுத்து திருகுகிறதா? அப்போது தாமதியாமல் கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். அது வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். இந்தியாவில் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால் ராணிக்கேத் நோய் என்ற பெயரும் அதற்கு உண்டு. வந்த பின் மருந்தில்லை. முன்னதாகத் தடுப்பூசி போட்டுக்கொள்வது ஒன்றே வழி. சேலை மாற்றும் கோழியோ கண் தெளிவாக இருக்கும், தின்னும், வெறுந்தோலைக் கூர்ந்து பார்த்தால் குருத்து முட்கள் வரிசையாகத் தெரியும். செம்பியின் கழுத்திலும் அவை தெரிந்தன. கொப்புளம் என்று நாம் எண்ணிவிட்டோம்.

கறுப்பியைப் பாட்டி சொன்னபடியே பராமரித்தோம். மகள் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, எந்தப் பக்கம் இறகு விழுந்தது, எங்கே முளைத்தது என்று குறித்துவந்தாள். ஆடி மாதம் பாதியில் மேனி முழுவதும் நிறைந்துவிட்டது. வெயிலில் திரும்பும்போது அந்தக் கறுப்பில் பச்சை மின்னியது. கொண்டை மறுபடி சிவந்தது. ஒரு நாள் மத்தியானம் கொல்லையில் பெரிய ஆர்ப்பாட்டம் கேட்டது. மகள் உள்ளே வந்து, இன்னும் சூடாயிருந்த முட்டையை நம் மேஜைமீது வைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் எண்ணிப் பார்த்து, "எழுபத்தொரு நாள், அப்பா" என்றாள். செம்பியின் பேச்சை அவள் எடுக்கவில்லை. நாமும் எடுக்கவில்லை.