தோள் வலிக்கு இடுப்பு எலும்பில் மருந்து!

ஓய்ந்து போன வீரர் மீண்டும் பந்து வீசினார்! ஸ்டெம் செல் ஊசி என்ன செய்யும்? என்ன செய்யாது?

அவர் பெயர் பார்ட்டோலோ கோலன். பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசுகிறவர். டொமினிகன் குடியரசு என்ற சின்னஞ்சிறு நாட்டில் பிறந்தவர். அமெரிக்காவுக்குப் போய் ஆடி, பணமும் புகழும் சேர்த்தவர்.

2005-ம் ஆண்டு, சிறந்த பந்து வீச்சாளருக்குத் தரப்படும் "சை யங்" விருது அவருக்குக் கிடைத்தது.

அதன் பிறகு வந்தது கஷ்ட காலம்!

தோளில் வலி. முழங்கையிலும் வலி. பந்து வீசும் வலது கை, சொன்னபடி கேட்க மறுத்தது. 2010-ம் ஆண்டு அமெரிக்காவின் பெரிய போட்டிகளில் அவர் ஆடவே இல்லை.

அந்த ஆண்டுதான் அவருடைய சொந்த நாட்டில் ஒரு புது வைத்தியம் நடந்தது. டாக்டர்கள் அவர் உடம்பில் இருந்தே கொஞ்சம் கொழுப்பையும், எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையையும் எடுத்தார்கள். அவற்றில் "ஸ்டெம் செல்" என்ற உயிர் அணுக்கள் இருக்கின்றன. அதைத் தோளிலும் முழங்கையிலும் ஊசி மூலம் செலுத்தினார்கள்.

மறு ஆண்டு, 2011-ல், கோலன் நியூயார்க் யாங்கீஸ் குழுவில் ஆட வந்தார். அப்போது அவருக்கு வயது 37. பந்து மணிக்குச் சுமார் 150 கிலோ மீட்டர் வேகத்தில் பறந்தது! 2018-ம் ஆண்டு வரை, 45 வயதிலும் அவர் பெரிய போட்டிகளில் ஆடினார்.

செய்தி பரவியது. தோள் வலியால் துடிக்கிறவர்கள் கேட்டார்கள்: "அந்த ஊசியை எங்களுக்கும் போட முடியுமா?"

குடமும் சும்மாடும்

முதலில் தோள் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

உடம்பில் உள்ள மூட்டுகளிலேயே அதிகமாகச் சுழல்வது தோள் மூட்டுதான். தலை வாரவும், முதுகு சொறியவும், பரண் மீது இருக்கும் பானையை எடுக்கவும் அதுதான் உதவுகிறது.

கை எலும்பின் மேல் முனை, உருண்டையாக இருக்கும். அது உட்காரும் குழியோ ஆழம் இல்லாதது. சும்மாட்டின் மேல் குடத்தை வைத்தது போல! குடம் சாயாமல் பிடித்துக்கொள்ளக் கை வேண்டும் அல்லவா? தோளில் அந்த வேலையை நான்கு தசைகள் செய்கின்றன. ஒவ்வொரு தசையின் நுனியும் கயிறு போல் உறுதியாகி, எலும்பில் ஒட்டி இருக்கும். இந்தக் கயிற்றைத் "தசை நாண்" என்று சொல்வார்கள்.

பாரம் தூக்கும்போதும், கீழே விழுந்து கையை ஊன்றும்போதும் இந்த நாண் கிழியலாம். ஒன்றும் செய்யாமலே, வயது ஏற ஏற நைந்தும் போகலாம். கையைத் தூக்கினால் வலி. இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாது. ரவிக்கை போடுவதும் சட்டை மாட்டுவதும் பெரும் பாடாகிவிடும்.

தோலில் காயம் பட்டால் சில நாட்களில் ஆறிவிடுகிறது. நாண் மட்டும் ஏன் எளிதில் ஆறுவது இல்லை?

அங்கே ரத்த ஓட்டம் குறைவு. ரத்தம் குறைந்த இடத்தில் பழுது பார்க்கும் வேலையும் மெதுவாகத்தான் நடக்கும். டாக்டர்கள் ஆபரேஷன் செய்து, கிழிந்த நாணை எலும்போடு சேர்த்துத் தைக்கிறார்கள். அப்படித் தைத்த நாணும் சிலருக்கு மீண்டும் கிழிந்துவிடுகிறது.

எலும்புக்குள் புதையல்

இங்கேதான் ஸ்டெம் செல் வருகிறது.

நம் உடம்பு கோடிக்கணக்கான உயிர் அணுக்களால் ஆனது. ரத்த அணு ரத்த வேலையைச் செய்யும். தசை அணு தசை வேலையைச் செய்யும். ஸ்டெம் செல்லோ விதை நெல் போன்றது. அது தன்னைப் போன்ற அணுக்களையும் பெருக்கும். வேறு வகை அணுக்களையும் உண்டாக்கும்.

1961-ம் ஆண்டு கனடா நாட்டின் டொரண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மக்கல்லக் என்ற இரண்டு விஞ்ஞானிகள், எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்தார்கள். ரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்கள் மஜ்ஜையில் இருப்பதை அவர்கள் காட்டினார்கள். அந்த அறிவுதான் ரத்தப் புற்று நோய்க்கு மஜ்ஜை மாற்றும் சிகிச்சைக்குத் துணையாயிற்று.

மஜ்ஜையில் இன்னொரு வகை அணுவும் உண்டு. எலும்பு, குருத்தெலும்பு போன்றவற்றை உண்டாக்கக் கூடியது. அமெரிக்க விஞ்ஞானி ஆர்னால்டு கேப்ளன், 1991-ல் இதற்கு "மெசன்கைமல் ஸ்டெம் செல்" என்று பெயர் வைத்தார். தோளுக்குப் பயன்படுத்தப் பார்ப்பது இதைத்தான்.

இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை உறிஞ்சுகிறார்கள். அதை ஒரு கருவியில் வைத்து வேகமாகச் சுழற்றுகிறார்கள். தயிரைக் கடைந்தால் வெண்ணெய் தனியே திரளும் அல்லவா? அதுபோல, வேண்டிய அணுக்கள் உள்ள பகுதி தனியே பிரிகிறது. அதைத் தோளில் செலுத்துகிறார்கள்.

கொத்தனாரா? மேஸ்திரியா?

இந்த அணுக்கள் தாங்களே புது நாணாக மாறி, கிழிசலை அடைத்துவிடும் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

பிறகு எண்ணம் மாறியது. இவை கல்லை எடுத்து வைக்கும் கொத்தனார் அல்ல, பக்கத்தில் நின்று வேலை வாங்கும் மேஸ்திரி! ரசாயனப் பொருள்களைச் சுரந்து, சுற்றி உள்ள அணுக்களைப் பழுது பார்க்கத் தூண்டுகின்றன என்பது இப்போதைய கருத்து. பெயர் வைத்த கேப்ளனே, "அந்தப் பெயரை மாற்ற வேண்டும்" என்று 2017-ல் எழுதினார்.

பாரிசில் 90 பேர்

பிரான்சு நாட்டு டாக்டர் பிலிப் எர்னிகூவும் அவருடைய குழுவினரும், தோள் நாண் கிழிந்த 90 பேரைப் பற்றி 2014-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள்.

90 பேருக்கும் நாணைத் தைக்கும் ஆபரேஷன் நடந்திருந்தது. அவர்களில் 45 பேருக்கு, ஆபரேஷனோடு மஜ்ஜை அணுக்களும் செலுத்தப்பட்டன. மற்ற 45 பேருக்கு ஆபரேஷன் மட்டும்.

6 மாதம் சென்றது. மஜ்ஜை பெற்ற 45 பேருக்கும் நாண் கூடிவிட்டது. மற்றவர்களில் 30 பேருக்குத்தான் கூடியது.

10 ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். மஜ்ஜை பெற்றவர்களில் 39 பேருக்கு நாண் கிழியாமல் இருந்தது. மற்றவர்களில் 20 பேருக்குத்தான் அப்படி இருந்தது.

நல்ல செய்திதான்! ஆனால் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது.

ஒன்று: யாருக்கு மஜ்ஜை, யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யவில்லை. ஒரு மருந்தின் பலனை நிச்சயமாகச் சொல்ல, குலுக்கல் முறைச் சோதனையே சிறந்தது.

இரண்டு: அங்கே ஊசி, ஆபரேஷனுக்குத் துணையாக வந்தது. ஆபரேஷனுக்குப் பதிலாக வரவில்லை. முழுவதும் அறுந்து விலகிப்போன நாணை, வெறும் ஊசி இழுத்து வந்து எலும்பில் கட்டிவிடாது.

கோலன் கதையிலும் ஒரு திருப்பம் உண்டு. 2012-ம் ஆண்டு அவர் தடை செய்யப்பட்ட ஊக்க மருந்து எடுத்தது தெரிந்தது. 50 ஆட்டங்களில் ஆடக் கூடாது என்று தண்டனை கிடைத்தது. 2011-ல் அவர் எழுந்து வந்தது ஸ்டெம் செல்லினாலா, ஓய்வினாலா, பயிற்சியினாலா, வேறு எதனாலா? ஒரே ஒரு மனிதரை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது.

விளம்பரம்! ஜாக்கிரதை!

2018-ம் ஆண்டு அமெரிக்காவில் 12 பேர், மூட்டு வலி போன்ற தொல்லைகளுக்காக ஊசி போட்டுக்கொண்டார்கள். குழந்தையின் தொப்புள் கொடி ரத்தத்தில் இருந்து தயாரித்த மருந்து அது. அதில் கிருமி கலந்திருந்தது! 12 பேரும் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தது.

தோள் வலி, முழங்கால் வலி ஆகியவற்றுக்கு ஸ்டெம் செல் மருந்து எதையும் அங்கீகரிக்கவில்லை என்று அமெரிக்க அரசின் மருந்து இலாகா எச்சரித்திருக்கிறது.

இந்தியாவிலும் விதி உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு முறைகளின்படி, ரத்த நோய் முதலிய சிலவற்றுக்கு மஜ்ஜை மாற்றுவது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. நிரூபிக்கப்படாத மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை, அனுமதி பெற்ற ஆராய்ச்சியாகத்தான் செய்யலாம். அப்படி ஆராய்ச்சி செய்யும்போது நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது.

எனவே, யாராவது "ஒரே ஊசியில் குணம்" என்று சொன்னால், மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். என் நாண் கொஞ்சம் கிழிந்திருக்கிறதா, முழுவதும் அறுந்திருக்கிறதா? இந்த ஊசிக்கு அனுமதி இருக்கிறதா? பயிற்சியால் குணமாக வழி இல்லையா?

மூன்றாவது கேள்வி முக்கியமானது. நைந்த நாணால் வரும் வலி, முறையான தேகப் பயிற்சியாலேயே பலருக்குக் குறைந்துவிடுகிறது. தினமும் கொஞ்ச நேரம், சில மாதங்கள் விடாமல் செய்யும் பொறுமைதான் வேண்டும்.

விதை நெல் நல்லதுதான். அது முளைத்துக் கதிர் விடுமா என்று விஞ்ஞானிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் அம்மாவின் தோள் வலிக்காக வளையலை அடகு வைத்து, விளம்பரத்தின் பின்னால் ஓட வேண்டாம்!