இடம் வலம் சொல்லும் கற்பூரம்

வில்லியனூர் மருந்துக் கடையில் தும்மலுக்கு மாத்திரை கேட்டால் செட்டிரிசின் 10 மில்லிகிராமும் கிடைக்கும், லெவோசெட்டிரிசின் 5 மில்லிகிராமும் கிடைக்கும். அளவு பாதியானதற்குக் காரணம் உண்டு. செட்டிரிசினில் இரு வகை மூலக்கூறுகள் சரிபாதியாகக் கலந்திருக்கின்றன. அணுக்களும் பிணைப்புகளும் ஒன்றேதான். ஆனால் இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் போல ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. ஒவ்வாமையை அடக்குவது பெரும்பாலும் ஒரு வகைதான். அதை மட்டும் கொண்டது லெவோசெட்டிரிசின்.

இப்படிப்பட்ட மருந்தில் வேண்டாத வகை எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அறிவது எப்படி? மூலக்கூறின் ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் காந்தப்புலத்தில் வைத்துக் கோடுகளாக வரைந்து காட்டும் என்எம்ஆர் கருவி இங்கே கைவிரித்துவிடும். இரண்டுக்கும் கோடுகள் ஒரே இடத்தில் விழும். காந்தத்துக்கு இடம் வலம் தெரியாது. இடம் வலம் உள்ள வேறொரு மூலக்கூறு வந்து ஒட்டினால்தான் வேறுபாடு வெளியே வரும்.

1969இல் வேதியியலாளர் கான்ராட் ஹிங்க்லி யூரோப்பியம் சேர்மம் ஒன்றைக் கொலஸ்ட்ரால் கரைசலில் சேர்த்தார். நெருக்கியடித்துக் கிடந்த கோடுகள் விலகி விரிந்தன. மணவாளக்குறிச்சி மணலின் மோனசைட்டில் கிடைக்கும் அருமண் உலோகங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது யூரோப்பியம். அதன் எலெக்ட்ரான்களின் காந்தத் தன்மை பக்கத்து அணுக்கருக்களின் கோடுகளை இடம்பெயர்க்கிறது. மறு ஆண்டே வைட்சைட்ஸ், லூயிஸ் என்ற வேதியியலாளர்கள் அந்த உலோகத்தைச் சுற்றி, கற்பூரத்திலிருந்து செய்த மூன்று மூலக்கூறுகளைப் பிணைத்தார்கள். இடமும் வலமும் அதில் வெவ்வேறு விதமாக ஒட்டின. ஒரு கோடு இரண்டானது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் கற்பூரம்தான். ஆரத்திக்கு நாம் வாங்குவது பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்தது. பொதுவாக இரு வகையும் கலந்தே இருக்கும், இதற்கு உதவாது. கற்பூர மரம் தருவது வலம் மட்டுமே.

வேலை எளிது. 5 மில்லிமீட்டர் கண்ணாடிக் குழாயில் மருந்தின் கரைசல். அதில் கற்பூரம் பிணைத்த அந்த யூரோப்பியச் சேர்மத்தின் மஞ்சள் நிறப் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்துச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரிந்த கோடுகளின் பரப்புகளை ஒப்பிட்டால் கலப்பின் விகிதம் தெரிந்துவிடும். ஈரம்தான் எதிரி: தண்ணீரின் ஆக்சிஜன் யூரோப்பியத்தை முந்திப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசியில் பாகூர் ஏரி நிறையும் நாட்களில் பொடியை உலர்த்தி, இறுக மூடி வைத்தாக வேண்டும். லெவோசெட்டிரிசின் போன்ற அமிலங்களை முதலில் எஸ்டராக மாற்றிக்கொள்வது வழக்கம்.

இன்றைய வலிமையான காந்தங்களில் யூரோப்பியம் கோடுகளைத் தடிமனாக்கிவிடுகிறது. அதனால் மருந்து ஆலைகள் இடம் வலம் பிரிக்கும் குரோமட்டோகிராபிக்கு மாறிவிட்டன. மேசைமேல் வைக்கும் சிறிய என்எம்ஆர் கருவியில் இந்தத் தொல்லை குறைவு. கல்லூரி மாணவர் தம் கண்ணாலேயே ஒரு கோடு இரண்டாகப் பிரிவதைப் பார்க்க அதுவே போதும்.