ஓடுகிறவர் கையில் ஓடும் கடிகாரம்

பினாங்குப் பால அனைத்துலக மாரத்தான் ஓட்டம் பொழுது விடிவதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் பாலத்தின்மேல் ஓட முடியாது என்பதே காரணம். அந்த இருட்டில் தொடக்கக் கோட்டில் நிற்பவர்களின் மணிக்கட்டுகளில் பெரும்பாலும் ஜிபிஎஸ் கடிகாரங்கள் ஒளிரும். ஆனால், எந்த நெடுந்தொலைவு ஓட்டத்திலும் 'டிக் டிக்' என்று துடிக்கும் எஃகுக் கடிகாரத்தோடு வருபவர் ஒருவராவது இருப்பார். அது பல்லாயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்கியதாக இருக்கலாம். தாத்தா விட்டுச் சென்ற, விலை சொல்ல முடியாத கடிகாரமாகவும் இருக்கலாம்.

அதைக் கட்டிக்கொண்டு 42.195 கிலோமீட்டர் ஓடலாமா? உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு சக்கரங்கள் குலுங்கிக் கெட்டுவிடாதா? வீட்டில் கேட்டால், "முதலில் அதைக் கழற்றி வை" என்பார்கள். நாம் இயற்பியலைக் கேட்போம்.

நிற்கும் கடிகாரம், நடக்கும் கடிகாரம்

ஜார்ஜ் டவுனில் கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அருகே விக்டோரியா மகாராணி நினைவு மணிக்கூண்டு நிற்கிறது. மகாராணியின் 60 ஆண்டு ஆட்சியை நினைவுகூர, ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரத்தில் அதைக் கட்டினார்கள். செலவை ஏற்றவர் பினாங்கின் செல்வந்தர் சியா சென் இயோக். இரண்டாம் உலகப் போரில் அருகில் விழுந்த குண்டுகளால் கோபுரம் சற்றே சாய்ந்துவிட்டது.

சாய்ந்தாலும் கோபுரம் ஓரிடத்தில்தான் நிற்கிறது. இடம் மாறாத கடிகாரத்துக்கு ஊசல் போதும். 1656இல் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உருவாக்கிய ஊசல் கடிகாரம் புவியீர்ப்பு விசையை நம்பி ஆடுவது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினால் ஊசல் தாறுமாறாக ஆடி நின்றுவிடும். கடிகாரத்தை மனிதன் சட்டைப் பையிலும் மணிக்கட்டிலும் வைத்துக்கொள்ள, புவியீர்ப்பை நம்பாத ஓர் 'ஊசல்' தேவைப்பட்டது. 1675இல் ஹைகன்ஸ் அதற்கும் வழி சொன்னார். அதுதான் மெல்லிய சுருள்வில் பொருத்திய ஒரு சிறு சக்கரம்.

இன்றைய இயந்திரக் கைக்கடிகாரத்தின் இதயமும் அதே சமநிலைச் சக்கரம்தான். மயிரிழை போன்ற சுருள்வில் அதை ஒரு பக்கம் இழுக்கும். பின்பு மறுபக்கம் இழுக்கும். பல புதிய கடிகாரங்களில் இது வினாடிக்கு 4 முறை போய் வருகிறது, அதாவது 4 ஹெர்ட்ஸ். ஒரு முறை போய் வந்தால் இரண்டு 'டிக்'. அப்படியானால் வினாடிக்கு 8, மணிக்கு 28,800. நீங்கள் 5 மணி நேரத்தில் மாரத்தானை முடித்தால், அதற்குள் உங்கள் கடிகாரம் 1,44,000 முறை துடித்திருக்கும்.

குலுக்கல் எவ்வளவு?

2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜமைக்கா வீரர் யோஹான் பிளேக், ரிச்சர்ட் மில் நிறுவனத்தின் மிக விலையுயர்ந்த இயந்திரக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஓடினார். 100 மீட்டர் இறுதியில் 9.75 வினாடியில் வெள்ளிப் பதக்கமும் வென்றார். ஆனால் அது பத்து வினாடிக்கும் குறைவான ஓட்டம். மாரத்தானில் அதே குலுக்கல் பல மணி நேரம் நீடிக்கும். ஆகவே கணக்கிட்டுப் பார்ப்பதே நல்லது.

நிமிடத்துக்கு 170 அடிகள் எடுத்து வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அடிகளுக்கு ஒரு முறை கை முன்னும் பின்னும் போய் வருகிறது. ஆக, கையின் அதிர்வெண் வினாடிக்குச் சுமார் 1.4. கை மொத்தம் 40 சென்டிமீட்டர் தூரம் ஆடினால், வீச்சு 0.2 மீட்டர். முடுக்கத்துக்கான சூத்திரம் 4π²f²A. எண்களைப் போட்டால், வினாடி வர்க்கத்துக்கு ஏறத்தாழ 16 மீட்டர் வரும். இது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். கால் தரையில் படும் அதிர்ச்சியைச் சேர்த்தாலும் சில மடங்குதான்.

இப்போது கடிகாரம் 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதை எண்ணிப் பாருங்கள். தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு 4.4 மீட்டர். அது ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் நின்றுவிட்டால், முடுக்கம் புவியீர்ப்பைப்போல் சுமார் 450 மடங்கு! கையின் ஆட்டம் இதன் அருகில்கூட வராது.

'அதிர்ச்சி தாங்கும்' என்று ஒரு கடிகாரத்தைச் சொல்ல வேண்டுமானால், ஐஎஸ்ஓ 1413 என்ற அனைத்துலகத் தரத்தின்படி, கெட்டியான மரத்தரையில் 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமமான அடியை அது தாங்க வேண்டும். அதன் பிறகு நாளொன்றுக்கு 60 வினாடிக்கு மேல் அதன் ஓட்டம் மாறக் கூடாது. சமநிலைச் சக்கரத்தின் அச்சு முனை 0.1 மில்லிமீட்டர் அளவே தடிமன் கொண்டது, தலைமுடியைப் போன்றது. 1930களில் வந்த இன்கபிளாக் போன்ற அமைப்புகள், அந்த முனையைத் தாங்கும் சிறு கல்லை ஒரு வில்லின்மேல் உட்கார வைத்தன. அடி விழும்போது கல் சற்று நகர்ந்துகொடுக்கும், முனை ஒடியாது. இந்தப் பாதுகாப்பு இல்லாத மிகப் பழைய கடிகாரம் என்றால், அதை வீட்டிலேயே விடுவதுதான் சரி.

உடையாது, தடுமாறலாம்

ஓடும்போது முழங்கை மடங்கியிருக்கும். கடிகாரத்தின் முகம் வெளிப்பக்கம் பார்க்கும். கை ஆடும்போது, சமநிலைச் சக்கரம் சுழலும் அதே தளத்தில் கடிகாரமும் முன்னும் பின்னும் திரும்புகிறது. சக்கரத்துக்கு அது ஒரு தேவையற்ற தள்ளல்.

ஊஞ்சலை அதன் தாளத்தில் தள்ளினால் ஆட்டம் பெருகும். தாளம் தப்பித் தள்ளினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இதுவே ஒத்ததிர்வு. தாத்தா காலத்துக் கடிகாரங்கள் பல 2.5 ஹெர்ட்ஸில் துடிப்பவை. நிமிடத்துக்கு 150 அடிகள் வைத்து மெதுவாக ஓடுபவரின் காலடித் தாளமும் வினாடிக்குச் சரியாக 2.5! ஒவ்வோர் அடிக்கும் முன்கை சற்றே வெட்டி இழுபடுவதால், பழைய கடிகாரம் தடுமாற இடம் அதிகம். 4 ஹெர்ட்ஸ் கடிகாரம் அந்தத் தாளத்திலிருந்து விலகி நிற்கிறது. 1969இல் வந்த ஜெனித் நிறுவனத்தின் 'எல் பிரிமேரோ' 5 ஹெர்ட்ஸில் துடித்தது. துடிப்பு வேகமாக இருந்தால், கையின் அசைவுகள் அதை எளிதில் குழப்ப முடியாது.

இந்தத் தடுமாற்றம் பழுது அல்ல. நீங்கள் நின்றதும் சக்கரம் தன் தாளத்துக்குத் திரும்பிவிடும். சுவிட்சர்லாந்தின் காலமானிச் சான்றிதழ் பெற்ற இயந்திரம் சராசரியாக நாளொன்றுக்கு 4 வினாடி பின்தங்கலாம், அல்லது 6 வினாடி முந்தலாம். 5 மணி நேரத்துக்கு 6 வினாடிக் கணக்கைப் பிரித்தால் 1.25 வினாடி. மாரத்தான் ஓடி முடித்தவருக்கு அது போதாதா?

உண்மையான எதிரிகள் இரண்டு

முதல் எதிரி, வாரைக் கடிகாரத்தோடு பிடித்து வைத்திருக்கும் சிறிய பின். வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்த மெல்லிய எஃகைச் சிறிது சிறிதாக அரிக்கும். ஒரு நாள் பின் முறிந்தால், ஓடுகிறவரின் கையிலிருந்து கடிகாரம் ஏறத்தாழ 1 மீட்டர் கீழே விழும். கீழே இருப்பது சோதனைக்கூடத்து மரத்தரை அல்ல, தார்ச்சாலை. விலையுயர்ந்த கடிகாரத்தின் உயிர் சில ரிங்கிட் பெறும் ஒரு பின்னில் தொங்குகிறது!

இரண்டாவது எதிரி ஈரம். கடிகாரத்தின் திருகு, கண்ணாடி, பின்மூடி ஆகியவற்றைச் சுற்றி ரப்பர் வளையங்கள் உள்ளன. அவை ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி வெடிக்கும். வியர்வை உள்ளே புகுந்தால் துரு பிடிக்கும், எண்ணெய் கெடும். '30 மீட்டர்' என்று எழுதியிருந்தால் 30 மீட்டர் ஆழம் மூழ்கலாம் என்று பொருளல்ல. அது புதுக் கடிகாரம் சோதனையில் தாங்கிய அழுத்தத்தின் அளவு மட்டுமே. பினாங்கின் புழுக்கத்தில் தோல்வார் ஊறிப்போய்விடும் என்பதால், ஓட்டத்துக்கு ரப்பர் அல்லது நைலான் வாரே ஏற்றது.

தானாகச் சாவி ஏறும் கடிகாரம் ஓட ஓட அளவுக்கு மீறி இறுகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். முழுதும் ஏறியதும் உள்ளே சுருள்வில் வழுக்கிக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள்.

நீங்களே சோதிக்கலாம்

வீட்டில் அதிர்ச்சிப் பாதுகாப்புள்ள இயந்திரக் கடிகாரம் இருந்தால், பெரியவர்களின் அனுமதியோடு இதைச் செய்யுங்கள். முதல் நாள், முழுதும் சாவி கொடுத்துக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அமைதியாக அமர்ந்து படியுங்கள். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கைப்பேசி நேரத்தோடு வினாடி முள்ளை ஒப்பிட்டு எழுதுங்கள். மறுநாள், அதேபோல் சாவி கொடுத்து ஒரு மணி நேரம் ஓடுங்கள். மூன்று முறை திரும்பச் செய்து சராசரி பாருங்கள். இரண்டு நாள்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் உங்கள் ஓட்டம் கடிகாரத்துக்குச் செய்தது.

ஆனால் ஓடக் கிளம்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. பழகிய கடிகாரக் கடையில் கொடுத்து இரண்டு பின்களையும் மாற்றுங்கள். ரப்பர் வளையங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓடி முடித்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடையுங்கள். ஓட்டத்தைக் கடிகாரம் பார்த்துக்கொள்ளும். விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்.