வரப்புக்கும் ஒரு நம்பர்!

குக்கர், ஹெல்மெட், இஸ்திரிப் பெட்டி... இவற்றில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். சரியான அளவில், சரியான தரத்தில் செய்யப்பட்ட பொருள் என்பதற்கு அது அடையாளம். வயலில் போடும் மண் வரப்புக்கும் இப்படி ஒரு தரம் உண்டு என்றால் நம்புவீர்களா, குட்டீஸ்?

அமெரிக்காவில் உண்டு! சரிவான நிலத்தில் குறுக்கே போடும் வரப்பின் தர எண் 600. மழைநீர் மண்ணை அரிக்காமல் ஓடுவதற்காகப் புல் வளர்த்த வாய்க்காலுக்கு 412. காற்றைத் தடுக்கும் மர வரிசைக்கு 380. அறுவடைக்குப் பின் நிலம் வெறுமையாகக் கிடக்காமல் மூடி வைக்கும் பயிருக்கு 340. இப்படி 150க்கும் மேற்பட்ட தரங்கள் அங்கே இருக்கின்றன.

'மண்ணைக் குவித்தால் வரப்பு. இதற்குப் போய் எதற்கு நம்பர்?' என்றுதானே கேட்கிறீர்கள்? அதற்குப் பின்னால் ஒரு பயங்கரமான கதை இருக்கிறது.

பகலில் வந்த இருட்டு

அமெரிக்காவின் நடுப்பகுதியில் மிகப் பெரிய புல்வெளிச் சமவெளி இருக்கிறது. அங்கே மழை குறைவு, காற்று அதிகம். ஆனாலும், புல்லின் வேர்கள் மண்ணை இறுகப் பிடித்திருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோதுமைக்கு நல்ல விலை கிடைத்தது. விவசாயிகள் புல்லை எல்லாம் உழுது தள்ளி, கோதுமை விதைத்தார்கள்.

1930களில் மழை பொய்த்தது. பயிர் கருகியது. பிடிப்பதற்கு வேர் இல்லாத மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு கிளம்பியது. 1934 மே மாதம் வீசிய புழுதிப் புயல், 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த நியூயார்க் நகரத்தையே மங்க வைத்தது. அட்லாண்டிக் கடலில் போன கப்பல்கள் மீதும் புழுதி படிந்தது!

1935 ஏப்ரல் 14 அன்று வந்த புயல் இன்னும் மோசம். பட்டப்பகலில் கும்மிருட்டு. அந்த நாளை இன்றும் 'கறுப்பு ஞாயிறு' என்கிறார்கள். புழுதியைச் சுவாசித்துப் பலர் நுரையீரல் நோயில் இறந்தார்கள். ஆடு, மாடுகள் மடிந்தன. லட்சக்கணக்கானோர் ஊரை விட்டே போனார்கள்.

மண்ணுக்காக வாதாடியவர்

இப்படி ஆபத்து வரும் என்று பல ஆண்டுகளாக எச்சரித்து வந்தவர், ஹியூ ஹாமண்ட் பென்னட். 1881இல் பருத்தி விவசாயி ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர், மண் ஆய்வாளர். 1905இல் வர்ஜீனியாவில் இவர் அருகருகே இருந்த இரண்டு நிலங்களைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே சரிவுதான். மரங்கள் நின்ற இடத்தில் மண் பொலபொலவென்று ஈரமாக இருந்தது. நீண்ட நாட்களாக உழுத இடத்தில் கெட்டியான களிமண். ஒவ்வொரு மழையும் மேல்மண்ணை மெல்லிய தாள் போல உரித்துக்கொண்டு போயிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. ஓர் அங்குல மேல்மண் உருவாகச் சில நூறு ஆண்டுகள் ஆகும். அது போவதற்குச் சில மழைக்காலங்கள் போதும்!

1935இல், மண் பாதுகாப்புச் சட்டம் கேட்டு செனட் உறுப்பினர்கள் முன் பென்னட் பேசினார். புழுதிப் புயல் ஒன்று தலைநகர் வாஷிங்டனை நோக்கி வருவது அவருக்குத் தெரியும். அதனால், வேண்டுமென்றே பேச்சை நீட்டிக்கொண்டே போனாராம். சிறிது நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே வானம் இருண்டது. அதற்கு மேல் சாட்சி வேண்டுமா என்ன? ஏப்ரல் 27 அன்று சட்டம் வந்தது. மண்ணைக் காக்கும் துறைக்குப் பென்னட் தலைவரானார்.

தப்பான வரப்பு ஆபத்து!

அதற்கு முன்பும் அமெரிக்க விவசாயிகள் பலர் வரப்பு போட்டவர்கள்தான். ஆனால், சரியாக அளக்காமல் போட்ட வரப்பு என்ன ஆகும் தெரியுமா? அதில் ஓர் இடம் மட்டும் தாழ்வாக இருந்தால், தேங்கிய தண்ணீர் முழுவதும் அங்கே ஓடி வரும். வரப்பை உடைத்து, பெரிய பள்ளம் பறித்துவிடும். வரப்பே இல்லாவிட்டால் பரவலாக ஓடியிருக்கும் தண்ணீர், ஒரே இடத்தில் பாய்ந்து நாசம் செய்யும்.

அதனால்தான் அளவுகள் வேண்டியிருக்கிறது. சராசரியாகப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெருமழை 24 மணி நேரம் பெய்தாலும், தண்ணீர் வரப்பின் மேலே வழியக்கூடாது என்கிறது தரம் 600. மிஞ்சும் தண்ணீர் வெளியேற வழி இருக்கவேண்டும். அந்த வழி புல் வாய்க்கால் என்றால், முதலில் அதில் புல் நன்றாக வளர்ந்திருக்க வேண்டும், அப்புறம்தான் வரப்பு! பெருமழைக்குப் பிறகு வரப்பைப் பார்வையிட்டு, உடைப்பு இருந்தால் சரி செய்வதும் விதியில் உண்டு.

இந்தத் தரங்களை ஒரே தடவை எழுதி மூடி வைத்துவிடவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது திரும்பப் படித்து, புதிதாகத் தெரிந்துகொண்டதைச் சேர்க்கிறார்கள்.

செய்து பாருங்கள்!

இரண்டு பழைய தட்டுகளில் ஈர மண்ணைப் பரப்புங்கள். தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் புத்தகம் வைத்துச் சாய்த்துக்கொள்ளுங்கள். சரிவுக்குக் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சின்ன வரப்பு கட்டுங்கள். முதல் தட்டில் வரப்பு ஒரே உயரமாக இருக்கட்டும். இரண்டாவது தட்டில், வரப்பின் நடுவே விரலால் லேசாக அழுத்திவிடுங்கள்.

இப்போது இரண்டிலும் மேல் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முதல் வரப்பு தண்ணீரைத் தேக்கும். இரண்டாவது, அழுத்திய இடத்தில் உடைந்து மண்ணோடு ஓடும். உங்கள் விரல் அழுத்திய ஆழம் எவ்வளவு? ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது!

அடுத்த முறை மழை பெய்யும்போது, தெருவில் ஓடும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள் குட்டீஸ். செம்மண் நிறத்தில் கலங்கலாக ஓடினால், எங்கோ ஓர் இடத்து மேல்மண் கிளம்பிப் போய்க்கொண்டிருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்து, வீட்டில் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.